இறங்கிய அன்று ஏறக்கூடாது

பதுளை
2024 மே 5

மதிப்புக்குரிய ஸல்மா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் கம்சலா. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். மாலைதீவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஆறு வருடம் வேலை செய்தேன். அங்கே லீவு நாளில் ஊழியர்களையும் கடலுக்கடியில் சுழியோட விடுவார்கள். மற்றப் பெண்கள் அன்றைக்கு நன்றாகத் தூங்குவார்கள், நான் கடலுக்குள் கிடப்பேன். மெல்ல மெல்லப் பரீட்சை எழுதி டைவிங் அட்டையும் எடுத்துவிட்டேன்.

ஜனவரியில் அப்பா தவறிப்போனார். அம்மா லயத்து வீட்டில் தனியாகிவிட்டாள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். இப்போது பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை. வாரநாளில் போர்டிங், சனி ஞாயிறு தோட்டம்.

இங்கே வந்த நாளிலிருந்து, சுழியோட எங்கே போகலாம் என்று நான் கேட்காத ஆள் இல்லை. கடை முதலாளி வைரவநாதன் ஐயா யோசித்துவிட்டு, "முங்கணும்னா துன்ஹிந்தை அருவிக்குப் போங்க, நல்ல தண்ணி" என்றார். கடையில் என்னோடு நிற்கும் வெலிமடைப் பிள்ளை தன் ஊரில் புதிதாய் நீர்த்தேக்கம் வந்திருக்கிறது என்றாள், போய்ப் பார்த்தால் வேலிக்கு வெளியே ஒரு காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார். தியலும நீர்வீழ்ச்சிக்கு மேலே குளங்கள் இருக்கின்றன என்று ஓட்டோக்காரர் சொன்னார். "குதிக்கிறது லேசு, வெளிய வாறதுதான்" என்று அவரே முடித்தும் வைத்தார். தெற்கே கிரிந்தைப் பக்கம் விசாரித்தேன். அங்கே சீசன் முடிந்துவிட்டதாம்.

மாலைதீவில் எங்கள் படகோட்டி இத்ரூஸ் உங்கள் ஊர்க்காரர். "எங்கட ஊரில ஸல்மாண்டு ஒராள் இருக்கா. போன் எடுக்கமாட்டா, கடிதம் போடு" என்று விலாசம் தந்தார். அதனால்தான் எழுதுகிறேன். உங்களிடம் படகு உண்டா? எந்த மாதங்கள் நல்லவை? தனியாக வரும் பெண்ணை ஏற்றுக்கொள்வீர்களா?

இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் இல்லாமல் இருக்க முடியுமா என்று நான்கு மாதமாய்ப் பார்த்தேன். முடியவில்லை.

இப்படிக்கு,
கம்சலா


பொத்துவில்
2024 மே 17

கம்சலாவுக்கு,

மலையிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. நான் வாசித்துச் சிரிப்பதைப் பார்த்து என் கணவர் மர்ஸூக், "என்னகா, கடிதத்தப் பாத்துச் சிரிக்காய்?" என்று கேட்டார். அந்தக் காவல்காரரை வாசித்துக் காட்டினேன்.

நான் போன் எடுக்காதது திமிரால் இல்லை. எனக்கு இடது காது போய்விட்டது, வலது காதும் பாதிதான். ஆள் முன்னால் நின்றால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், போனில் முகம் இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். கடிதம் எழுதுகிற ஆள் வந்தே தீரும்.

படகு உண்டு. மேயிலிருந்து செப்டெம்பர் வரை கடல் நல்லது. இங்கே ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, பெயர் யாருக்கும் தெரியாது. பெண் தனியாக வந்தால் என்ன, நானும் பெண்தானே. உன் டைவ் புத்தகத்தையும் அட்டையையும் கொண்டு வா. கதை அளக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சட்டம். இறங்கிய அன்று இரவு கீழேயே தங்க வேண்டும். அன்றே மலை ஏறக்கூடாது. என் வீட்டில் அறை இருக்கிறது. ஜூலை 27 சனிக்கிழமை நிலவும் நீரோட்டமும் சரியாக வரும்.

ஸல்மா


பதுளை
2024 ஜூன் 9

அன்புள்ள ஸல்மா ராத்தா,

ராத்தா என்று கூப்பிடலாம்தானே? இத்ரூஸ் அப்படித்தான் தன் அக்காவைக் கூப்பிடுவார்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பெயர் ரெங்கம்மா. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறிக்கிறாள். "மனுசன் கண்ணுக்கு எட்டாம வச்சிருக்கிறத எதுக்குடி போயி நோண்டுற?" என்றாள். மீன் பார்க்கப் போகிறேன் என்றேன். "மீனு பாக்கவா? வெல்லவாய சந்தையில கெடக்கு, போயிப் பாரு." இதற்கு நான் என்ன சொல்வது?

சொல்லத் தெரியவில்லை ராத்தா, அதுதான் உண்மை. லயத்து ஒரு அறையில் ஆறு பேர் வளர்ந்தோம். ஒருவர் இருமினால் எல்லாருக்கும் விழிப்பு வரும். முதன்முதல் கடலுக்கடியில் போனபோது என் மூச்சை நானே கேட்டேன். வாழ்க்கையில் அதற்கு முன் கேட்டதே இல்லை. அன்றைக்கு எனக்குப் பைத்தியம் பிடித்தது, இன்னும் தெளியவில்லை.

மாலைதீவு ஹோட்டலிலிருந்து திரும்ப வரச் சொல்லி அனுப்புகிறார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. உங்கள் கடல் எனக்குச் சரிவந்தால் இங்கேயே இருப்பேன், இல்லாவிட்டால் போய்விடுவேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு மறுபடி போக எனக்கு மனமில்லை. அதனால் 27ஆம் திகதி எனக்குப் பெரிய திகதி. தங்குவதற்குச் சரி.

உங்கள்
கம்சலா


கொஸ்லந்த
2024 ஜூலை 28, ஞாயிறு காலை

ராத்தா,

விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பொத்துவில் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் இன்று மாலையே உங்களுக்குக் கிடைக்கும் என்கிறார்கள். தபாலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது முதலில் பச்சை, பிறகு நீலம், அதற்குப் பிறகு வந்த நிறத்துக்கு என்னிடம் பெயர் இல்லை. கீழே கப்பல் இருக்கிறது என்று நீங்கள் கை காட்டினீர்கள், எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த மங்கல் முழுவதுமே கப்பல் என்று பிறகுதான் விளங்கியது. ராத்தா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் தேயிலை ஃபெக்டரியைவிடப் பெரிது. அதன் மேல் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடக்கிறது. மனிதன் செய்து, மனிதன் தொலைத்து, மனிதனைக் கேட்காமலே வேறு யாரோ அழகாக்கி வைத்திருக்கிறார்கள்.

கப்பலின் அந்தக் கொதிகலனுக்குள் நீங்கள் டோர்ச் அடித்தீர்களே. உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். வெளிச்சம் பட்டதும் அந்த வெறுமை அசைந்தது. கண்ணாடி போன்ற குஞ்சு மீன்கள், ஆயிரமா இலட்சமா, எல்லாம் ஒரே மூச்சில் விலகி வழி விட்டன. நாம் போனதும் பின்னால் மூடிக்கொண்டன. அதற்கப்பால் அந்தக் கிழட்டுக் களவாய் மீன். என் உயரத்துக்கு இருந்தது. காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையில் நிற்கும் ஆளைப் பார்க்கும் கங்காணியைப் போல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிரயோசனமில்லை என்று திரும்பிக்கொண்டது. நான் முகக் கண்ணாடிக்குள் அழுதேன். நீங்கள் 'சரியா?' என்று கை காட்டினீர்கள், சரி என்று காட்டினேன். சரிதான் ராத்தா, அதைவிடச் சரியாக நான் இருந்ததில்லை.

நான் மாலைதீவுக்குப் போகப் போவதில்லை. நாலு மணி நேர பஸ்ஸில் இது இருக்கும்போது எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு விசயம், கோபிக்க வேண்டாம். நேற்று உங்களிடம் மலைக்குக் கீழே மொனராகலையில் தங்குவதாகச் சொன்னேன், தங்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் ஆட்கள் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. கடையிலேயே லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அம்மா, "பொழுது சாய எல்லைக்குள்ள வந்துரணும், இல்லேனா போகாத" என்று சத்தியம் வாங்கித்தான் விட்டாள். என்ன, ஒரு மணி நேர ஏற்றம்தானே.

வெல்லவாயவில் மாறி ஏறியதிலிருந்து தோள்பட்டை வலிக்கிறது. நாள் முழுக்கக் கூடை சுமந்தது போல் இருக்கிறது. இடது காலில் எறும்பு ஊர்கிறது, பாதம் கொஞ்சம் மரத்தும் போயிருக்கிறது. கடல் குளிர் ஏறிவிட்டது என்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்திருக்கிறாள். இது போனதும் அடுத்த திகதி கேட்டு எழுதுகிறேன்.

உங்கள்
கம்சலா


பொத்துவில்
2024 ஜூலை 28, மாலை

கம்சலா,

இதைக் கொண்டுவருபவர் மர்ஸூக். வான் வண்டியில் ஒக்சிசன் சிலிண்டர் இருக்கிறது. முதலில் முகமூடியைப் போடு. பிறகு வாசி.

உனக்குக் குளிர் இல்லை. ஆழத்தில் நீ சுவாசித்த காற்று உடம்பில் கரைந்து கிடக்கிறது. அது மெல்ல வெளியேற ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் நீ மலை ஏறினாய். சோடாப் போத்தலைத் திறந்தது போல் அது உனக்குள் குமிழியாகிவிட்டது. கால் மரத்திருக்கிறது என்றால் முதுகெலும்பு வரை வந்திருக்கும். தாமதித்தால் நடக்க மாட்டாய். நீ தந்த நம்பருக்கு ஐந்தாறு பேரை வைத்து எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை.

நடக்காதே, தூக்கச் சொல். படுத்தபடியே வா. ஆஸ்பத்திரி என்று பதுளைப் பக்கம் கொண்டுபோக விடாதே, அது இன்னும் ஏற்றம். வெல்லவாய வழியாக இறங்கி நேரே திருகோணமலை. அங்கே அழுத்த அறை இருக்கிறது, ஆட்களோடு பேசிவிட்டோம்.

இதை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு: அம்மா, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். காப்புக் கட்டிய ஊரிலிருந்து பிள்ளையைக் கொண்டுபோவது உங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றிரவே அனுப்பிவிடுங்கள். உங்கள் அம்மனிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஸல்மா


திருகோணமலை
2024 ஓகஸ்ட் 11

ஸல்மா ராத்தா,

நடக்கிறேன். முதலில் அதைச் சொல்ல வேண்டும். இரும்புக் குழாய் மாதிரி ஓர் அறைக்குள் படுக்கவைத்து, காற்றை அழுத்தி, என்னைக் கடலுக்கடியில் இருப்பதுபோல் வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார்கள். நாளுக்கு நாள் காலில் உணர்ச்சி கீழே இறங்கி வந்தது. முந்தாநாள் பெருவிரலும் வந்துவிட்டது.

அம்மா கூடவே வந்தாள், உங்களுக்கு மர்ஸூக் அண்ணன் சொல்லியிருப்பார். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வான் வண்டியில் ஏறிவிட்டாள். பிறந்ததிலிருந்து காப்புக் கட்டிய பிறகு எல்லை தாண்டாதவள். இப்போது, "எல்லை தாண்டிப் போனதுக்கு ஆத்தா காட்டிட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். எல்லைக்குள் திரும்பி வந்ததால்தான் இப்படி ஆனது என்று அவளுக்கு எப்படி விளக்குவேன்?

பெரிய டாக்டர் என் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். பிறந்ததும் மூடவேண்டிய சின்ன வாசல் ஒன்று எனக்கு மூடவில்லையாம். நாலில் ஒருவருக்கு இப்படித்தான், சாதாரண வாழ்க்கைக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் குமிழிகள் அந்த வழியாகப் போய்விடும். ஒரு தரம் இவ்வளவு மோசமாய் வந்தவளுக்கு, இனி எந்தக் கடலிலும் எந்த ஆழத்திலும் அனுமதி இல்லையாம்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. தங்கு என்று எழுதினீர்கள், ஏன் என்று எழுதவில்லை. அறைக்கு ஆள் பிடிக்கும் சட்டம் என்றுகூட நினைத்தேன். மாலைதீவில் மலை ஏது? சுழியோடிய பிறகு விமானம் ஏறக்கூடாது என்றுதான் படித்தேன். வீட்டுக்குப் போவது எப்படி ராத்தா உயரத்துக்குப் போவதாகும்? மலையில் பிறந்தவளுக்கு வீடுதானே தரை. அது எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததே, ஒரு வரி எழுதியிருக்கலாமே.

கம்சலா


பொத்துவில்
2024 ஓகஸ்ட் 30

கம்சலா,

நீ நடப்பது அல்லாஹ்வின் கிருபை. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் மர்ஸூக் சொன்னார். என்னால் முடியவில்லை.

படகிலிருந்து இறங்கியதும் உன் முகத்துக்கு நேரே நின்று, "இரவைக்கு எங்க தங்கப் போறாய்?" என்று கேட்டேன். "மொனராகலையில சித்தி வீட்டில" என்றாய். உனக்கு அங்கே சித்தி இருக்கிறாளா? நான் காது கேட்காதவள். ஆட்களின் முகத்தை நம்பித்தான் நடமாடுகிறேன். உன் முகம் நல்ல முகம் என்று நினைத்தேன். அந்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொய் சொன்னது.

ஒரு வரி எழுதியிருக்கலாம் என்கிறாய். சரி, எழுதியிருக்கலாம். உன் கையில் அட்டையைப் பார்த்ததும் உனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டேன், அது என் பிழை. காப்பைப் பற்றி நீ ஒரு வரி சொல்லியிருந்தால் உன்னைத் தண்ணீரில் இறக்கியிருக்கவே மாட்டேன். திருவிழா முடிந்து வா என்றிருப்பேன். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?

பெண் நடத்துகிற இடத்தில் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தார்கள் என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. சீசன் முடியுமுன்னே படகை மேலே ஏற்றிவிட்டேன். இறங்கப் பயமாக இருக்கிறது, ஆட்களை இறக்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஸல்மா


பதுளை
2025 ஜனவரி 20

ராத்தா,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஐந்து மாதம் எழுதாமல் இருந்தேன். இதை வாசிக்காமல் கிழித்துப் போட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

எனக்கு மொனராகலையில் சித்தி இல்லை. எங்குமே சித்தி இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். மன்னியுங்கள்.

ஜூன் மாதம் மாலைதீவுக்குத் திரும்பிப் போகிறேன். இறங்கத்தான் கூடாது, கரையில் நின்று பார்க்கலாமே. இங்கே இந்த மலைகளுக்கு நடுவில் எனக்கு மூச்சு முட்டுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "பாதிய அந்தக் கடலு வாங்கிருச்சு. மிச்சத்தையும் குடுக்கப் போறியா?" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே அடுப்பில் தனித்தனியாகத் தேத்தண்ணி வைக்கிறோம்.

ஒரே ஓர் உதவி. சீசன் தொடங்கி நீங்கள் முதல்முறை இறங்கும்போது, கீழே என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். பெயர் இல்லாத அந்த நிறம் முதல் எழுதுங்கள். நீங்கள் பயந்துபோய் இறங்காமலே விட்டுவிட்டால், நான் இரண்டு பேருடைய கடலைத் தொலைத்தவளாகிவிடுவேன்.

கம்சலா


பொத்துவில்
2025 ஏப்ரல் 25

கம்சலா தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மர்ஸூக் தலைமாட்டில் வைத்துவிட்டு, "உண்மைதானே எழுதியிரிக்காள்" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது. நேற்று இறங்கினேன்.

பன்னிரண்டு வருடமாய் இறங்குகிறேன், ஒரு நாளும் எழுதிப் பார்த்ததில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. நீ கேட்ட நிறத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்கு எனக்கும் பெயர் தெரியாது. விடியுமுன் பஜ்ருக்குப் பாங்கு சொல்லும் நேரம் வானத்தில் கொஞ்ச நேரம் ஒரு நிறம் இருக்குமே, அதுதான் கிட்ட வரும்.

கயிற்றை விடமுடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டேன். ஏறிவிடலாம் என்று மேலே பார்த்தபோது இருட்டியது. மேகம் என்று நினைத்தேன். மேகம் அசைந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஏதோ என் தலைக்கு மேல் வருகிறது. முதலில் வாய், கதவைத் திறந்து வைத்தது போல. பிறகு கண், அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சின்னக் கண். அது என்னைப் பார்த்தது. பிறகு புள்ளிகள், கம்சலா. புள்ளி, புள்ளி, புள்ளி. முடியும் முடியும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. உங்கள் லயம் எவ்வளவு நீளமோ தெரியாது, பாதியாவது இருக்கும். புள்ளிச் சுறா. சாதுவான பிராணி. எங்கள் ஆட்கள் கதையாகச் சொல்வார்கள், நான் கண்டதில்லை.

ஒரு அவசரமும் இல்லாமல் போனது. அது வாலை ஒரு தரம் வீசியதில் எழும்பிய தண்ணீர் என்னைக் கயிற்றோடு சேர்த்து ஆட்டியது. வாய்க்குழாயைக் கடித்தபடியே சுப்ஹானல்லாஹ் என்றேன். எனக்குக் காது கேட்காது என்பதும், கடற்கரைப் பேச்சும், உன் மேல் இருந்த கோபமும் அந்த நேரம் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் எவ்வளவு சின்ன ஆள் என்று தெரிந்ததில் அப்படி ஒரு சந்தோசம் வந்தது. மேலே வந்து படகில் கிடந்து அழுதேன். மர்ஸூக் பயந்துவிட்டார்.

நாளைக்கு ஆட்களை இறக்குகிறேன். நீ எழுதியிருக்காவிட்டால் நேற்று நான் போயிருக்க மாட்டேன்.

உன்
ஸல்மா ராத்தா


கொஸ்லந்த
2025 மே 4

அன்புள்ள ராத்தா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போய்த் தேயிலைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். என் லயத்தை மேலேயிருந்து பார்த்து, அதில் பாதியைக் கண்ணால் அளந்தேன். அவ்வளவு பெரிய உயிர் உங்கள் தலைக்கு மேலாகப் போயிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இல்லை, அதுதான் ஆச்சரியம். சந்தோசம்தான் வந்தது.

இனிமேல்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். பேச்சுவார்த்தை இல்லையே, ஆனாலும் சத்தமாக வாசித்தேன். சுவருக்கு வாசிப்பது மாதிரி. சுறா வந்ததும் அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. முடிந்ததும், "அந்தக் கண்ணு வர்ற எடத்த மறுக்கா படி" என்றாள். படித்தேன். கொஞ்சம் கழித்து, "இன்னொருக்கா" என்றாள்.

நேற்றுக் காலை பெரட்டுக்குப் போக கொங்காணித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒனக்குத்தான ஆகாதுன்னாரு டாக்டரு. எனக்கா சொன்னாரு?"

எனக்கு விளங்கவில்லை. "எதும்மா?" என்றேன்.

"அந்தத் தண்ணிக்குள்ள. என்னைய எறக்குவாங்களா? கேட்டு எழுது. அப்புடி என்னாத்தடி இருக்கு, எம்புள்ள உசுரக் குடுத்துப் போற அளவுக்கு? நானும் பாக்குறேன்."

ராத்தா, அம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயது. நீச்சல் தெரியாது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் நின்றதில்லை. நான் என்ன சொல்ல?

கம்சலா


பொத்துவில்
2025 மே 13

தங்கச்சி,

கூட்டி வா.

பதுளையில் அம்மாவின் இருதயத்தைப் படம் எடுத்து, நெஞ்சு, காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர் சரி என்று எழுதித் தர வேண்டும். உனக்கு இருக்கும் வாசல் அம்மாவுக்கும் இருந்தால், மன்னித்துக்கொள், படகோடு சரி. இல்லையென்றால், கரையோரத்துப் பவளக் கல்லுக்கு இந்தப் பக்கம் அலை இல்லாத இடத்தில், வீட்டுக் கூரை உயரமளவு ஆழத்துக்கு மட்டும் இறக்குவேன். ஒரு கையை நான் விடவே மாட்டேன். நீச்சல் தேவையில்லை.

இறங்கிய பிறகு இரண்டு இரவு என் வீட்டில் தங்க வேண்டும். அந்த ஆழத்துக்கு அவ்வளவு தேவையில்லைதான், ஆனால் உங்கள் குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆடி மாதம் பிறக்குமுன் வாருங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று உன்னிடம் கேட்கமாட்டேன், அம்மாவிடம் கேட்பேன்.

ஸல்மா


கொஸ்லந்த
2025 ஜூன் 10

அன்புள்ள ராத்தா,

சுகமாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு ஒரு வலியும் இல்லை, கால் விரல்வரை அமுக்கிப் பார்த்துவிட்டேன். உங்கள் மகள் கொடுத்த சோகிச் சிப்பியை அடுக்களைத் தட்டில் வைத்திருக்கிறாள், தொட விடுவதில்லை.

அன்றைக்குப் படகில் நான் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நீங்கள் இருவரும் கீழே போனதும் தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இரண்டு கூட்டம் குமிழி. எது உங்களுடையது, எது அம்மாவுடையது என்று பிரித்துப் பார்க்கப் பார்த்தேன். ஒரு கூட்டம் வேகமாய் வந்தது, அதுதான் அம்மா. கொஞ்சம் கொஞ்சமாக அது நிதானமானது. மர்ஸூக் அண்ணன், "பயம் போயிட்டு" என்றார். ஆறு வருடம் நான் கீழே போனபோதெல்லாம் மேலே இருந்து என்னை நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேலே வந்த பிறகு அம்மா இருந்த இருப்பை நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு நாளும் பேசவில்லை. உங்கள் வீட்டு முற்றத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், மறுபடி போய் உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. பிடிக்கவில்லையோ, கும்பிட்ட சாமிக்கு விரோதமாய் ஏதோ செய்துவிட்டோம் என்று நினைக்கிறாளோ என்று மனதுக்குள் தவித்தேன்.

பஸ்ஸிலும் அப்படித்தான். வெல்லவாய தாண்டி, ஏற்றம் தொடங்கியது. தியலும கண்ணில் பட்டது. அப்போது திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"கம்சலா, அதெல்லாம் எப்பவும் அங்ஙனயேதான் இருக்குமா?"

"ஆமாம்மா."

"நாங்க கொழுந்து பறிக்கிறப்பவும்? மழை பெய்யிறப்பவும்? ஒங்கப்பா சாகுறப்பவும் இருந்திச்சா?"

"இருந்திச்சும்மா."

வெளியே பார்த்தாள். பஸ் இரண்டு வளைவு ஏறியது. பிறகு அழ ஆரம்பித்தாள் ராத்தா. அப்பா போனபோதுகூட என் முன்னால் அப்படி அழவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"எத்தன தடவம்மா சொன்னேன். நீதானே கேக்கல."

"நீ மீனுன்னுதானே சொன்ன," என்றாள் அம்மா. "மீனுன்னுதானேடி சொன்ன."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.

இரவு ஒரே கேத்தலில் தேத்தண்ணி வைத்தோம். தோட்டத்தில் அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அம்மா தொழிற்சங்கத் தலைவரிடம் விசாரித்துவிட்டாள். இந்த முறை அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கமும் காட்டச் சொல்லி உங்களுக்கு எழுதச் சொல்கிறாள். நான் இன்று காலை மாலைதீவுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா கீழே போனால் படகில் யாராவது இருக்க வேண்டுமே.

உங்கள்
கம்சலா